வாக்கு எண்ணும் காட்சியை ஏன் வெட்டிவிடுகிறார்கள்?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அக்கா மகன், பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறவன், போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, நம்ம ஆளுங்களுக்குத் தமிழ்நாட்டு அரசியல் தெரிந்த அளவுக்கு நம்ம மலேசியா அரசியல் தெரியலையே, எல்லாம் படம் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதுதானே? படம் அரசியலைச் சொல்லிக்கொடுக்குதா, இல்ல அரசியலை வேடிக்கையாக்கி விக்குதா?" இரண்டும்தான் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். மாமா மழுப்புகிறார் என்பான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், அவனுக்கும் இதே கேள்வி இருக்கிற மற்றவர்களுக்கும்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்றால், பதினோரு வருஷம் தமிழ்ப் படங்களுக்கு மலாயில் சப்டைட்டில் எழுதியவன் நான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறை, ஜன்னல் கிடையாது, ஏர்கான் மட்டும் குளிரக் குளிர ஓடும், படம் வெள்ளிக்கிழமை என்றால் செவ்வாய் ராத்திரிதான் பிரதி கைக்கு வரும். ஒரு வரியில் நாற்பது எழுத்து, திரையில் இரண்டே வரி, அதற்கு மேல் போகக் கூடாது. காதல் படம் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். அரசியல் படம் வந்தால்தான் திண்டாட்டம். 'வட்டச் செயலாளர்' என்று ஒருத்தர் வருவார், வட்டத்தை அப்படியே மலாயில் போட்டால் சிரிப்பார்கள், சரி என்று 'கெத்துவா சாவாங்ஙான்' என்று நம் ஊர்க் கிளைத் தலைவராக அவரை மாற்றிவிடுவேன். 'டெபாசிட் போச்சு' சுலபம், நமக்கும் அது உண்டு. அங்கே ஆறில் ஒரு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால் போகும், இங்கே எட்டில் ஒரு பங்கு. என்னை ஒவ்வொரு முறையும் தோற்கடித்தது 'வாக்கு' என்ற ஒரே சொல்தான். கொடுத்த வாக்கு, போட்ட வாக்கு இரண்டையும் சேர்த்து ஒரு திருப்பு வைக்காத அரசியல் படமே கிடையாது. மலாயில் அது 'ஜன்ஜி', இது 'உண்டி'. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, கைதட்டல் வாங்க வேண்டிய வசனம் கீழே இரண்டு வரியாக உயிரில்லாமல் கிடக்கும். (எங்கள் பெரியம்மா கடைசி வரை உண்டி என்றால் உண்டியல் மாதிரி ஏதோ ஒன்று என்றே நினைத்திருந்தார். பெட்டியில் போடுவதுதானே, பெரிய தப்பு ஒன்றும் இல்லை.)

இந்த வேலையில் ஒரு லாபம். படத்தை நொடிக்கணக்கு போட்டுத்தான் பார்க்க முடியும், எந்தக் காட்சி எத்தனை நிமிஷம் என்று மனப்பாடமே ஆகிவிடும். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம், கதாநாயகன் அரசியலுக்கு வரும் படங்களில் யாருமே எதற்கும் காத்திருப்பதில்லை. கோப்பு நகர்வதற்கு, கூட்டணி பேசி முடிவதற்கு, வாக்கு எண்ணி முடிவதற்கு, ஒன்றுக்கும் இல்லை. அரசியல் என்றாலே முக்கால்வாசி காத்திருப்புதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு மீதியைக் கொடுத்தால் அது பொழுதுபோக்காகத்தான் ஆகும், வேறு வழியில்லை.

1999-ல் வந்த 'முதல்வன்' படத்தையே எடுத்துக்கொள். தொலைக்காட்சிப் பேட்டியில் முதலமைச்சரை மடக்கிக் கேள்வி கேட்கிற ஒருவன், சவாலை ஏற்று ஒரு நாள் முதல்வராகிறான். இது நடக்கவே நடக்காது என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் சட்டமன்ற உறுப்பினர் இல்லாத ஒருவர் அமைச்சராகவோ முதல்வராகவோ ஆவதற்கு இந்திய அரசியலமைப்பின் 164-வது பிரிவு ஆறு மாதம் இடம் தருகிறது, அதற்குள் ஜெயித்து வந்துவிட வேண்டும். நம் நாட்டில் அது முடியாது, பிரதமர் நாடாளுமன்ற மக்களவை உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். ஆகவே ஆள் பதவிக்கு வருவது அவ்வளவு பெரிய புருடா இல்லை. அந்த ஒரு நாளில் அவன் செய்கிற வேலைதான் புருடா. அதிகாரிகளை நின்ற இடத்திலேயே வீட்டுக்கு அனுப்புகிறான். நிஜத்தில் ஓர் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்ய வேண்டுமானால் குற்றச்சாட்டுக் கடிதம், அதற்கு அவர் விளக்கம், விசாரணை என்று எல்லாம் இருக்கிறது. அதையெல்லாம் காட்டினால் இடைவேளைக்கே ஜனம் எழுந்து போய்விடும். சங்கர் அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போட்டார், நாம் விசிலடித்தோம். நானும்தான் அடித்தேன், பொய் சொல்லவில்லை.

2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்' இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் அதில் ஒரு நிஜமான விதி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போட வருகிறவன், தன் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள் என்று கண்டுபிடிக்கிறான், 49பி என்ற விதியைச் சொல்லிச் சண்டை போடுகிறான். அந்த விதி உண்மைதான், அப்படிப்பட்டவருக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு கொடுப்பார்கள். ஆனால் அந்தச் சீட்டு உறைக்குள் போய்விடும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது, யாராவது தேர்தல் வழக்குப் போட்டு நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும். படத்தில் அந்த உறை தேர்தலையே புரட்டிப்போடும் அணுகுண்டு ஆகிவிடுகிறது. அதனால் படத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். அதைப் பார்க்கும் முன் 49பி என்று ஒன்று இருப்பது தமிழ்நாட்டிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. படம் பெயரைச் சொல்லிக்கொடுத்தது, வேலை செய்யும் விதத்தை மாற்றிச் சொன்னது. உன் கேள்விக்கு நான் 'இரண்டும்தான்' என்று சொல்ல நினைத்தது இதைத்தான்.

இனி நம் கதைக்கு வருவோம். 2017 அக்டோபர் 18, தீபாவளி, ராத்திரிக் காட்சி, 'மெர்சல்'. வீட்டில் முறுக்கு மிச்சம் இருந்ததைப் பையில் போட்டு உள்ளே கடத்திக்கொண்டு போயிருந்தோம். கடைசியில் கதாநாயகன் ஜிஎஸ்டி பற்றிப் பேச ஆரம்பித்தான். சிங்கப்பூரில் ஏழு விழுக்காடு வரி, மருத்துவம் இலவசம், இந்தியாவில் இருபத்தெட்டு வரை வரி, மருத்துவம் ஏன் இலவசம் இல்லை, சாராயத்துக்கு ஏன் ஜிஎஸ்டி இல்லை என்கிற மாதிரி. அரங்கம் இடிந்துவிடும் போல் ஆகிவிட்டது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஓர் ஐயா, அறுபது வயது இருக்கும், நரைத்த தலை, எழுந்து நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். பின்னால் இருந்த பையன்கள் மறைக்குது உட்காருங்க என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த வசனத்தை உட்கார்ந்து சரிபார்த்தால் நிற்காது. சிங்கப்பூரில் வரி அப்போது ஏழுதான், அது சரி, ஆனால் அங்கே மருத்துவம் இலவசம் இல்லை, சம்பளத்திலிருந்து பிடித்து வைத்த மெடிசேவ் கணக்கிலிருந்தும் ஜனம் கட்டுகிறது. சாராயத்துக்கு ஜிஎஸ்டி இல்லாதது அதைச் செல்லம் கொடுத்து வளர்ப்பதற்காக இல்லை, மாநில அரசுகள் அதன் மேல் தங்கள் சொந்த வரியை அதைவிடக் கனமாகப் போடுகின்றன, அந்த வருமானத்தை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனசில்லை. பாரதிய ஜனதா கட்சிக்காரர்கள் அந்தக் காட்சியை வெட்டச் சொல்லிக் குதித்தார்கள், அதனாலேயே படத்தைப் பார்க்காதவர்களுக்கும் வசனம் தெரிந்துபோயிற்று.

ஆனால் அந்த ஐயா எதற்காக எழுந்து நின்றார்? அவருக்கு இந்தியாவின் இருபத்தெட்டு விழுக்காட்டோடு என்ன சம்பந்தம்? உடம்புக்கு முடியவில்லை என்றால் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ரிங்கிட் கொடுத்து டாக்டரைப் பார்க்கிறவர். நான் அன்றைக்கு ராத்திரி மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் குடித்துவிட்டு பில்லைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கீழே ஜிஎஸ்டி ஆறு விழுக்காடு. 2015 ஏப்ரலில் இங்கே அது வந்ததிலிருந்து ஒவ்வொரு பில்லிலும் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கோபம் அது. கத்த நமக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன், அந்த வருஷம் மே தினத்தில் கோலாலம்பூர் தெருவில் இறங்கிக் கத்தியவர்கள் உண்டு. ஆனால் நம் மொழியில், பெரிய திரையில், நமக்குப் பிடித்த முகம் ஒன்று நம் ஆறு விழுக்காட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. கிடைத்த இருபத்தெட்டுக்குக் கைதட்டினோம். இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி இரவல் கோபம். ஏழரை மாதம் கழித்து, 2018 ஜூன் முதல் தேதி, தேர்தலில் ஆட்சி மாறிய கையோடு நம் ஜிஎஸ்டி பூஜ்யமானது. அதைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

இந்த இரவல் பழக்கம் நேற்று வந்ததில்லை. 1952-ல் 'பராசக்தி' வந்தபோது அதன் கதையே ரங்கூனில் பிழைக்கப் போன அண்ணன்மார்களிடமிருந்துதான் தொடங்கியது, கடல் கடந்தவனின் துக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தமிழ்நாட்டு அரசியலில் போய் முடிந்த படம் அது. 1967-ல் எம்ஜிஆர் குண்டடி பட்டு கழுத்துக் கட்டோடு சுவரொட்டியில் சிரித்த வருஷம் திமுக ஆட்சிக்கு வந்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை, மறுபடி எழுதி உன் நேரத்தை வீணாக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஆட்கள் படத்தை மட்டும் நம்பி ஜெயிக்கவில்லை, ஊர் ஊராகக் கிளை, மன்றம், படிப்பகம், தெருமுனைக் கூட்டம் என்று பதினெட்டு வருஷம் காத்திருந்தார்கள். சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பதினெட்டு வருஷத்தை வெட்டிவிட்டுச் சுவரொட்டியை மட்டும் காட்டுவார்கள்.

சரி, எல்லாப் படமும் அப்படியா என்றால், கிடையாது. கதாநாயகப் படம் வெட்டி எறிகிற காத்திருப்பை நகைச்சுவைப் படம் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளும். 1994-ல் மணிவண்ணன் எடுத்த 'அமைதிப்படை'யில் வாக்கு எண்ணிக்கைக் காட்சி ஒன்று வருமே, சத்யராஜ் அமாவாசையாக வந்து நாகராஜ சோழனாக மாறுகிற இடம். ஆரம்பத்தில் தலைவர் பக்கத்தில் நாற்காலி நுனியில், பயந்து, ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்திருப்பார். முன்னிலை அறிவிப்பு வர வர உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாயும், முதுகு நிமிரும், கை விரியும், கடைசியில் பார்த்தால் அந்த நாற்காலியே அவருக்காகச் செய்தது போல் இருக்கும். அரசியல்வாதி எப்படி உருவாகிறான் என்று இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. பெரிய வசனமே தேவைப்படாத இடம் அது, சப்டைட்டில்காரனுக்குச் சொர்க்கம்.

சோ 1971-ல் எடுத்த 'முகமது பின் துக்ளக்'கில் கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. அந்தக் காலத்தில் அது மிகைப்படுத்தல் என்று சிரித்திருப்பார்கள். 2020-ல் கட்சித் தாவலால் ஆட்சி கவிழ்ந்த ஷெரட்டன் நகர்வுக்குப் பிறகு நம் நாட்டில் அமைச்சர்களும் துணை அமைச்சர்களுமாக ஏறக்குறைய எழுபது பேர் அறிவிக்கப்பட்ட அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே கவுண்டமணி படமாக வந்து விழுந்தது, 'அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா' என்று. 1992-ல் 'சூரியன்' படத்துக்காகச் சொன்னது, நம் அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. கட்சி தாவுகிறவர்களை நாம் தவளை என்கிறோம், அந்தத் தவளைகளைத் தடுக்கும் சட்டம் 2022 அக்டோபரில்தான் நடப்புக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த 2020 பிப்ரவரி வாரத்தில் நடந்தது முழுக்கக் காத்திருப்புதான். அரண்மனை வாசலில் கார் போகும், கார் வரும், நிருபர்கள் வெயிலில் நிற்பார்கள், மாமன்னரே வந்து அவர்களுக்கு மெக்டொனால்ட்ஸ் பொட்டலம் கொடுத்தார். சினிமாவில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

இந்திக்காரர்கள் பக்கம் போனால் விஷயம் கொஞ்சம் சீரியஸ். நாற்காலியின் கதை என்று அர்த்தம் வரும் 'கிஸ்ஸா குர்சி கா', ஒரு நாடாளுமன்ற உறுப்பினரே எடுத்த நையாண்டிப் படம், அவசரநிலைக் காலத்தில் அதன் பிரதிகளையே எரித்துவிட்டார்கள். 2019-ல் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பிரதமரைப் போற்றுகிற படம் ஒன்றைத் தேர்தல் முடியும்வரை வெளியிடாதே என்று தேர்தல் ஆணையம் நிறுத்திவைத்தது, வாக்கு எண்ணிய மறுநாள் அது திரைக்கு வந்தது. நாற்காலியைக் கிண்டல் செய்ததைக் கொளுத்தினார்கள், நாற்காலியில் இருப்பவரைப் புகழ்ந்ததைத் தள்ளித்தான் வைத்தார்கள். இரண்டுக்கும் உள்ள தூரத்தை நீயே அளந்துகொள்.

நம் நாட்டு அரசியல் ஏன் திரைக்கு வருவதில்லை என்றும் கேட்பாய். வருகிறது, மலாயில். 2023-ல் அன்வார் பிரதமரான ஆறு மாதத்தில் அவரைப் பற்றியே படம் வந்தது. தமிழில்தான் இல்லை. தணிக்கை வாரியம் உள்துறை அமைச்சின் கீழ் இருக்கிறது, இனம், சமயம், பொது ஒழுங்கு என்று எந்தப் பக்கம் கை வைத்தாலும் சுடும், தயாரிப்பாளர் போடுகிற பணமோ வீட்டை அடகு வைத்த பணம். 2016-ல் 'கபாலி' நம் ஊரிலேயே எடுத்த படம், தோட்டத்திலிருந்து ஆரம்பித்து நம் ஆற்றாமையைப் பேசிய படம், கோட்டு சூட்டுக்கு ஒரு அரசியல் காரணமே சொன்ன படம். ஆனால் அதில் எந்தக் கட்சியும் வராது, ஓட்டுப் பெட்டி வராது. நம் பிரச்சினை முழுக்க கேங் சண்டையாக உருமாறியிருக்கும். முடிவும் பார், இங்கே திரையிட்ட பிரதியில் மட்டும் கபாலி போலீசில் சரணடைந்தான் என்று ஒரு வரி சேர்த்துப் போட்டார்கள். நான் பார்த்த சப்டைட்டில்களிலேயே விலை கூடிய சப்டைட்டில் அதுதான். அதற்கு முந்தைய வருஷம் வந்த நம் ஊர்ப் படம் 'ஜகாட்' தோட்டம் சிதைந்து புறம்போக்கு வீடுகளுக்கு வந்த குடும்பத்தைக் காட்டியது, அங்கேயும் அரசியல்வாதி யாரும் மேடையேறவில்லை, ஆனால் அந்தப் பையனின் பள்ளிக்கூடத்தில் அரசியல் இருந்தது.

2025 டிசம்பர் 27-ல் புக்கிட் ஜாலில் அரங்கம் நிரம்பி வழிந்தது உனக்கு நினைவிருக்கும், அரசியல் கட்சி தொடங்கிய நடிகர் விஜய்யின் 'ஜனநாயகன்' பாடல் வெளியீடு, நீயும் போயிருந்தாய். அரசியல் பேசக் கூடாது என்று காவல்துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. அங்கே வந்திருந்த நம் பிள்ளைகளில் ஒருவருக்கும் தமிழ்நாட்டில் ஓட்டு இல்லை. அதற்குச் சரியாக மூன்று மாதம் முன்னால் கரூரில் விஜய்யைப் பார்க்கப் பல மணி நேரம் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் செத்தார்கள். யார் மேல் தப்பு என்பதை விசாரணை சொல்லட்டும், நான் அதற்குள் போகவில்லை. எனக்கு உறுத்துவது அந்தக் காத்திருப்புதான். திரையில் நாயகன் அடுத்த ஷாட்டில் வந்துவிடுவான், தரையில் நின்றவர்களுக்கு அடுத்த ஷாட் வரவே இல்லை.

உனக்கு ஒரு படம் சொல்ல வேண்டுமென்றால் 2021-ல் வந்த 'மண்டேலா'. இரண்டாகப் பிரிந்து கிடக்கிற ஊர், இரண்டு பக்கமும் சரிசமமாக ஓட்டு, நடுவில் முடிவெட்டுகிற ஒருவனின் ஒற்றை ஓட்டு. அவனுக்குப் பெயரே தபால் நிலையத்தில்தான் வைக்கிறார்கள், அடையாள அட்டை வாங்குவதற்காக. அட்டை, பட்டியல், பெயர், எண்ணிக்கை என்று மற்றப் படங்கள் குப்பையில் போடுவதை எல்லாம் வைத்தே கதை நகர்கிறது, சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. 2018 மே 9, நான் ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் வாக்கு எண்ணும் முகவராக உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் யாரோ பிள்ளை எழுதிய ஏழாம் வாய்பாடு பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி, எந்தக் கட்சி என்று சொல்லி, கட்டுக்கட்டாக அடுக்கினார்கள். ஒரு சீட்டில் பெருக்கல் குறி கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் கால் நீட்டியிருந்தது. அந்த ஒரு சீட்டுக்கு இருபது நிமிஷம். எதிர்க்கட்சி முகவர், ஒரு மலாய் அக்கா, சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்க மறுத்தார், நானும் மறுத்தேன், அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். அப்புறம் போராங் 14-ல் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் அந்த அறையின் முடிவுப் படிவம், அது இல்லாமல் எங்கள் எண்ணிக்கை எண்ணிக்கையே இல்லை. மேலிடத்திலிருந்து ஃபோன் வரவேண்டும் என்று அதிகாரி காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். வெளியே கேட்டுக்கு அப்பால் ஜனம் நின்றுகொண்டிருந்தது, யாரோ பாக்கெட்டில் தே ஐஸ் வாங்கி வந்து கம்பி வழியாக நீட்டினார்கள், அந்த மலாய் அக்காவுக்கும் சேர்த்து. எட்டரை மணிக்கு அதிகாரி பேனாவை எடுத்தார், அது எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு பேனாவைத் திருப்பித் தர மறந்துபோனார், நானும் கேட்கவில்லை.